பிள்ளைகளைப் பிடித்திருந்தும் வேலையை விடுகிற ஆசிரியர்கள்

உங்கள் கேள்வியை ஒருமுறை சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் அக்கா 11 வருடமாக ஆசிரியை. இப்போது வேலையை விடப்போவதாகச் சொல்கிறார். வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலர்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் யாரிடமும் பேசாமல் ஒடுங்கி உட்கார்ந்துவிடுகிறார். வீட்டிலோ "இவ்வளவு லீவு கிடைக்கிற வேலையை யாராவது விடுவார்களா?" என்கிறார்கள். இது அலுப்பா, நோயா, கொஞ்ச நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடுமா, பிடித்துப்போய் வந்த வேலையே ஒருவரை எப்படி இப்படி ஆக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 19 வருடம் வகுப்பெடுத்தேன். இப்போது புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நடுவில் ஒன்றரை வருடம், இந்த வேலையே வேண்டாம் என்று விலகியும் இருந்தேன். ஆகவே நான் சொல்லப்போவதில் படித்ததும் இருக்கும், பட்டதும் இருக்கும்.

உங்கள் அக்காவுக்கு நடப்பதைப் பொதுவாக பர்ன்அவுட் என்பார்கள், அதாவது வேலையே ஒருவரை உள்ளுக்குள் வற்றச் செய்துவிடுவது. முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடலாம். பர்ன்அவுட் என்பதைத் தமிழில் பலர் 'மனச்சோர்வு' என்று எழுதிவிடுகிறார்கள். அது குழப்பம்தான் தரும், ஏனென்றால் டிப்ரஷனுக்கும் அதே பெயரைத்தான் சொல்கிறோம். எனக்கு நெருக்கமாகத் தோன்றும் சொல் 'அடிப்பிடித்தல்'. அடுப்பில் இருக்கும் பாத்திரத்தை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கிளறினால்தான் அடி தீய்ந்த வாசனை வரும். அக்காவின் பள்ளியில் கேட்டுப் பாருங்கள், "அவங்களா? நல்லாத்தானே இருக்காங்க" என்பார்கள்.

இந்தச் சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களைப் பற்றி 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் அங்கே பகல் வேலை முடிந்து இரவில் போய் உழைத்தவர்தான். அவர் கவனித்தது இது: கடமைக்கு வந்துபோகிறவர்களைவிட, முழு மனதோடு இறங்கி வேலை செய்கிறவர்களே அதிகம் கருகிப்போகிறார்கள். உங்கள் வீட்டார் அக்காவைப் பார்த்து "இவளுக்கு வேலையில் பிடிப்பில்லை" என்று நினைக்கிறார்கள் அல்லவா? பிடிப்பு இல்லாதவர்களுக்கு இது அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஸ்டாஃப் ரூமில் நிம்மதியாகத் தூங்குகிறவரை நான் பார்த்திருக்கிறேன், 30 வருட சர்வீஸில் ஒருநாளும் அவருக்கு இது வந்ததில்லை.

அதன்பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர், சூசன் ஜாக்சனோடு சேர்ந்து 1981-ல் இதை அளப்பதற்கு ஒரு கேள்விப்பட்டியலை வெளியிட்டார். அதில் மூன்று கூறுகள் உண்டு. ஒன்று, உணர்வு வற்றிப்போவது. இன்னொன்று, நம்மால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம். இந்த இரண்டும் எல்லோருக்கும் சட்டென்று புரியும். ஆசிரியர்களிடம் நான் கூர்ந்து பார்ப்பது மூன்றாவதை: எதிரே இருக்கும் ஆளை ஆளாகப் பார்க்க முடியாமல் போவது. பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை மெல்ல மெல்ல "அந்தக் கடைசி பெஞ்சு", "அந்த ஃபெயில் கேஸ்" என்று ஆகிவிடும். பேசுகிறவருக்கே அது தெரியாது. எனக்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு பையன் அழுதுகொண்டு வந்து நின்றான். எனக்கு முதலில் வந்த எண்ணம், 'இவன் இப்போது பேசத் தொடங்கினால் என் ஃப்ரீ பீரியட் போய்விடும்' என்பது. அவன் போன பிறகு நான் அப்படி நினைத்தது உறைத்தது. அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

நோயா என்ற கேள்விக்கு நேரடியான பதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் பர்ன்அவுட் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் நோயாக அல்ல. வேலையோடு தொடர்புடைய நிகழ்வு என்றுதான் அதில் சேர்த்திருக்கிறார்கள். நாள்பட்ட பணியிட அழுத்தத்தைச் சரியாகக் கையாளாமல் விட்டதன் விளைவு என்பது அவர்கள் தரும் விளக்கம். இதில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. காரணம் பணியிடத்தில் இருக்கிறது என்றால், மருந்தை ஆசிரியருக்கு மட்டும் கொடுத்துப் பயனில்லை.

சரி, எல்லா வேலையிலும்தான் அழுத்தம் இருக்கிறது. ஆசிரியர் வேலையில் அப்படி என்ன தனியாக இருக்கிறது?

அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் ஃபிலிப் ஜாக்சன் 1968-ல் ஒரு கணக்கு சொன்னார். ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியர் ஒரு நாளில் 1000 முறை வரை மற்றவர்களோடு ஏதாவது ஒரு வகையில் பரிமாறிக்கொள்கிறார் என்று. ஒரு கேள்வி, ஒரு பார்வை, ஒரு "உட்கார்", ஒரு "என்னாச்சு?" எல்லாம் சேர்த்து. ஆயிரம் தடவை மூளை ஒரு சின்ன முடிவை எடுக்கிறது. இவனைக் கண்டிக்கலாமா, கண்டும் காணாமல் விடலாமா? இந்தத் தவறான பதிலை இப்போதே திருத்தலாமா, இன்னொருத்தியிடம் கேட்கலாமா? அலுவலகத்தில் களைத்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம், பத்து நிமிடம் திரையை வெறித்துக்கொண்டு இருக்கலாம். வகுப்பில் ஆசிரியர் பத்து நிமிடம் வெறித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பெண் ஆசிரியர்கள் கழிப்பறைக்குப் போக நேரமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பயிற்சி வகுப்புகளில் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் பாதிப் பேர் தலையாட்டுவார்கள்.

இதோடு முகத்தை வைத்துக்கொள்ளும் வேலை ஒன்று இருக்கிறது. ஆர்லி ஹாக்ஷீல்டு என்ற சமூகவியலாளர் 1983-ல், சம்பளத்துக்காக உணர்வுகளை ஆள வேண்டியிருப்பதையும் உழைப்பாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதினார். அவர் முக்கியமாகப் பார்த்தது விமானப் பணிப்பெண்களை. ஆசிரியருக்கு அது இன்னும் கடினம் என்பது என் அபிப்பிராயம். பயணி சில மணி நேரத்தில் இறங்கிவிடுவார். பிள்ளை நாளைக்கும் வரும், வருடம் முழுக்க வரும். காலையில் வீட்டில் என்ன சண்டை நடந்திருந்தாலும் முதல் பீரியடில் முகம் தெளிவாக இருக்க வேண்டும்.

அப்புறம், இந்த வேலைக்கு முடிவு கிடையாது. தச்சருக்கு நாற்காலி முடிந்தது என்று தெரியும். பாடம் எப்போது முடிந்தது? நடத்தி முடித்த பாடத்தை இன்னும் நன்றாக நடத்தியிருக்கலாம், திருத்திய நோட்டில் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். ஒரு எளிய கணக்கு போடுங்கள். ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 40 பேர், 200 நோட்டு. ஒன்றுக்கு மூன்றே நிமிடம் என்றாலும் 600 நிமிடம், அதாவது 10 மணி நேரம். அதுவும் ஒரே ஒரு சுற்றுக்கு. இந்தப் பத்து மணி நேரம் எந்த கால அட்டவணையிலும் இல்லை. அது ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. உங்கள் அக்கா ஒடுங்கி உட்காரும் அதே ஞாயிற்றுக்கிழமையில்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். வேலை அதிகம் என்பதற்காக மட்டும் விலகிய ஆசிரியரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு பாடத்தைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க மாதிரி செய்கிறேன் என்று நள்ளிரவு வரை அட்டையை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர் மறுநாள் உற்சாகமாக வருவார். அதே ஆள், ஒரே மதிப்பெண்ணை மூன்று இடத்தில் பதிவு செய்யச் சொன்னால் அரைமணி நேரத்தில் சோர்ந்துவிடுவார். களைப்பை ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒன்றுக்கும் உதவாத வேலையைப் பொறுக்க மாட்டார்கள்.

இதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். 2014-ல் அந்த அரசு ஆசிரியர்களிடம் வேலைப்பளு பற்றிக் கருத்துக் கேட்டபோது 40,000-க்கும் மேற்பட்டவர்கள் பதில் தர முன்வந்தார்கள். அங்கே நோட்டுத் திருத்துவது ஒரு சடங்காகவே ஆகியிருந்தது. ஆசிரியர் ஒரு கருத்தை எழுத வேண்டும், பிள்ளை அதற்கு வேறு நிற மையில் பதில் எழுத வேண்டும், ஆசிரியர் அந்தப் பதிலுக்கும் பதில் எழுத வேண்டும். வகுப்பிலேயே வாயால் சொல்லித் திருத்திவிட்டால்? அதற்கும் ஆதாரம் வேண்டும் என்று 'வாய்மொழியாகக் கருத்து சொல்லப்பட்டது' என்ற ரப்பர் ஸ்டாம்பு வந்தது! கேட்ட பிள்ளைக்குத் தெரியும், சொன்ன ஆசிரியருக்குத் தெரியும். பிறகு ஸ்டாம்பு யாருக்காக? நோட்டைப் புரட்டப்போகும் மூன்றாவது ஆளுக்காக. 2016-ல் வெளிவந்த ஒரு குழுவின் அறிக்கை, எழுத்தில் திருத்துவதற்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி, பயனில்லாததை நிறுத்தச் சொன்னது. ஸ்டாம்பு இல்லாத ஊர்களிலும் இதே கதைதான், அங்கே அதன் பெயர் ரெக்கார்டு, படிவம், புகைப்படம், ஆப்பில் பதிவேற்றம்.

இனி வருவதுதான் உங்கள் அக்கா விஷயத்தில் முக்கியம் என்று நினைக்கிறேன். டோரிஸ் சன்டோரோ என்ற கல்வித் தத்துவ ஆய்வாளர், ஆசிரியர்கள் விலகுவதை எல்லாம் பர்ன்அவுட் என்று ஒரே மூட்டையில் கட்டக்கூடாது என்கிறார். சிலரிடம் தெம்பு தீர்ந்துபோகிறது. வேறு சிலரிடம் தெம்பு நிறைய இருக்கிறது, ஆனால் அந்த வேலையை நேர்மையாகச் செய்ய வழியில்லாமல் போகிறது. எது சரி என்று அவருக்குத் தெரியும், அதற்கு நேர்மாறாகச் செய்யச் சொல்கிறார்கள். இந்த இரண்டாவது நிலையை மனத்தெம்பு குலைதல் என்று தனியாகப் பிரிக்கிறார். இரண்டுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான், ஆனால் வைத்தியம் வேறு. முதல் வகைக்கு ஓய்வு உதவும். இரண்டாவதுக்கு உதவாது.

நான் விலகியது இரண்டாவது காரணத்தால். பொதுத்தேர்வு நெருங்கிய சமயம். என் வகுப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு நிர்வாகத்தில் ஒருவர் பெயர்களை மூன்றாகப் பிரித்தார். நன்றாகப் படிப்பவர்கள் தானாகப் பாஸாவார்கள், விட்டுவிடுங்கள். இந்த 15 பேர் எல்லைக்கோட்டில் இருக்கிறார்கள், இவர்களைப் பிடித்து உட்கார வையுங்கள். இந்த ஆறு பேர் தேற மாட்டார்கள், இவர்கள் மேல் நேரத்தை வீணாக்காதீர்கள். ரிசல்ட் சதவீதம் என்று பார்த்தால் அவர் சொன்னதில் பிழையே இல்லை. அந்த ஆறில் ஒரு பெண் முந்தின வாரம்தான் ஒரு கணக்கைத் தானாகப் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்து காட்டியிருந்தாள். மறுநாளிலிருந்து அவள் கை தூக்கும்போது நான் வேறு பக்கம் பார்க்க வேண்டும். நாலு நாள் பார்த்தேன். அதன்பிறகு வந்த விடுமுறையில் நன்றாகத் தூங்கினேன், சாப்பிட்டேன், ஊர் சுற்றினேன். பள்ளி திறந்த அன்று மீட்டிங் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் நெஞ்சு அதே இடத்துக்குப் போய்விட்டது. எனக்கு ஓய்வு குறையவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்தச் சமயத்தில் எங்களுக்கு மன அமைதிப் பயிற்சி என்று ஒரு முகாம் நடத்தினார்கள். மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். மூச்சுப் பயிற்சி கெட்டதல்ல. அதை வேலை நேரம் முடிந்தபிறகு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நடத்தினார்கள் என்பதுதான் வேடிக்கை.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சம்பளம் முக்கியமில்லை, இது புனிதமான தொழில் என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அதே படிப்புக்கு வெளியே கூடுதல் கிடைத்தால் ஆள் போகத்தான் செய்வார். 'அறப்பணி' என்ற பட்டம் பல இடங்களில் குறைந்த சம்பளத்துக்கும் கூடுதல் வேலைக்கும் போர்த்திய சால்வை. ஆனால் ஒரே சம்பளம் தரும் இரண்டு பள்ளிகளில் ஒன்றில் ஆட்கள் நிற்கிறார்கள், மற்றதில் வருடாவருடம் ஓடுகிறார்கள் என்றால், வித்தியாசம் பெரும்பாலும் தலைமை ஆசிரியரின் அறையில் இருக்கிறது. ஒரு பெற்றோர் கோபமாக வந்து கத்தும்போது தலைமை ஆசிரியர் யார் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருகிறார் என்பதை எல்லா ஆசிரியர்களும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ரிச்சர்ட் இங்கர்சால் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2001-லேயே இதைச் சொல்லிவிட்டார். ஆசிரியர் பற்றாக்குறைக்குக் காரணம் புதிதாகப் போதிய ஆட்கள் வராதது என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஓய்வு வயதுக்கு வெகுமுன்பே வெளியேறுகிறவர்கள்தான் பெரிய காரணம் என்றார். ஓட்டை வாளியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இதுதான் நிலை. அவரும் உடன் ஆய்வாளர்களும் பின்னர் போட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் புதிதாக வருபவர்களில் சுமார் 44 சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்குள் போய்விடுகிறார்கள். உலக அளவில் யுனெஸ்கோ சொல்வது இன்னும் கவலைக்குரியது. 2030-க்குள் 4.4 கோடி ஆசிரியர்கள் கூடுதலாகத் தேவை. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் வேலையை விட்டு வெளியேறும் விகிதம் 2015-ல் 4.6 சதவீதமாக இருந்தது, 2022-ல் 9 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

புதியவர்கள் ஏன் முதலில் போகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சீனியர்கள் நல்ல வகுப்புகளை எடுத்துக்கொண்டபிறகு மிச்சமிருக்கும் முரட்டு வகுப்பு அவர்களுக்குத்தான் போகும். விழாப் பொறுப்பு, வராதவருக்குப் பதிலாகப் போகும் சப்ஸ்டிடியூஷன் பீரியட், எல்லாம் அவர்கள் தலையில். மருத்துவத்தில் புதிய டாக்டருக்கு யாரும் முதல் நாளே சிக்கலான அறுவைச் சிகிச்சையைத் தனியாகக் கொடுப்பதில்லை. நாம் கொடுக்கிறோம், கதவையும் சாத்திவிடுகிறோம்.

ஆசிரியர் தீய்ந்துபோவது வகுப்புக்குள் தெரியுமா என்றால், தெரியும் போலத்தான் இருக்கிறது. கனடாவில் ஈவா ஓபர்லி, கிம்பர்லி ஷோனர்ட்-ரைக்கல் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளின் உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். பர்ன்அவுட் அதிகமாக இருந்த ஆசிரியர்களின் வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் காலை நேர கார்டிசாலும் அதிகமாக இருந்தது. ஆசிரியரின் சோர்வு பிள்ளைகளுக்குப் போனதா, பிள்ளைகளின் அழுத்தம் ஆசிரியரைச் சோர்வாக்கியதா என்று அந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஓடுகிறது என்பது என் ஊகம்.

இனி உங்கள் அக்காவுக்கு.

போதனை செய்யாமல் அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: "நீ களைத்துப்போயிருக்கிறாயா, இல்லை, அங்கே நீ செய்கிற வேலையைப் பார்த்து உனக்கே வெட்கமாக இருக்கிறதா?" பதில் முதலாவது என்றால் வேலையின் அளவைக் குறைக்கப் பார்க்கலாம். ஒரு வாரம், வகுப்புக்கு வெளியே செய்யும் ஒவ்வொரு வேலையையும் அதற்கான நேரத்தோடு குறித்து வைக்கச் சொல்லுங்கள். நான் பயிற்சியில் இதைச் செய்யச் சொல்லும்போது, யாருமே கேட்காத ஒன்றிரண்டு வேலையைத் தாங்களாகவே இழுத்துப்போட்டுக்கொண்டிருப்பது பலருக்கு அகப்படும். இருநூறு நோட்டிலும் ஒரே தவறு இருந்தால் இருநூறு முறை எழுத வேண்டாம், அடுத்த நாள் கரும்பலகையில் ஒரே முறை விளக்கலாம். பெற்றோர்களின் வாட்ஸ்அப் செய்திக்கு இரவில் பதில் சொல்லாமல் இருந்து பார்க்கலாம். முதல் வாரம் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடுவார்கள்.

பதில் இரண்டாவது என்றால் இதெல்லாம் ஒட்டுப்போடுவதுதான். அப்போது வேலையை விடுவதற்கு முன் பள்ளியை மாற்ற முடியுமா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தலைமை ஆசிரியரிடம் தீய்ந்துபோனவர் இன்னொருவரிடம் துளிர்த்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன். நேர்முகத் தேர்வில் அவரும் கேள்வி கேட்கட்டும்: போன வருடம் இங்கிருந்து எத்தனை பேர் போனார்கள்? புதிதாக வந்தவருக்கு எந்த வகுப்பைக் கொடுத்தீர்கள்? பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே பதில்.

ஒரு எச்சரிக்கை. பள்ளியை மறந்திருக்கும் நேரத்திலும் எதிலும் சந்தோஷம் இல்லை, வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லை, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வருகிறது என்றால் இது பர்ன்அவுட்டா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள்.

லீவைப் பற்றிய பேச்சை வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை, பெரிய உதவி.

எல்லாம் பார்த்துவிட்டு, விலகுவதுதான் சரி என்று அவர் முடிவெடுத்தால் விலகட்டும். முடிந்தால் கல்வியாண்டின் நடுவில் வேண்டாம். பிள்ளைகளுக்காக மட்டும் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டு வந்தால் அந்த வகுப்பு பல மாதம் கனவில் வரும், எனக்கு வந்தது. நான் திரும்பிப் போனதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. பழக்கமான ஒரு தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, ஆறாம் வகுப்பு இருக்கிறது, பொதுத்தேர்வு கிடையாது, எப்படி வேண்டுமானாலும் நடத்துங்கள், நான் நோட்டைப் பார்க்க வரமாட்டேன் என்றார். சும்மா மூன்று மாதம் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன்.